இடுப்பு வலி: எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது கூடாது?

வாசகர் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் குழுவின் பதில்கள்

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றி வளைத்து ஒன்றைத்தான் கேட்கின்றன: "ரெஸ்ட் எடுக்கணுமா, எக்சர்சைஸ் பண்ணணுமா?" மூன்று மாதத்தைத் தாண்டிய வலி என்றால் அநேகமாகப் பயிற்சிதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கிடையாது. அளவு தப்பினால் நல்ல பயிற்சியும் வலியைக் கூட்டும்.

எனக்கு 38 வயது. பனியன் கம்பெனியில் டெய்லர். எட்டு மாதமாக இடுப்பு வலி. ஸ்கேனில் கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு விலகியிருக்கிறது என்றார்கள். காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. பயிற்சி செய்தால் ஜவ்வு இன்னும் வெளியே வந்துவிடாதா?
– ஒரு வாசகி, திருப்பூர்

முறையாகச் செய்தால் அந்தப் பயம் வேண்டாம். 'விலகியிருக்கிறது' என்ற சொல்தான் இவ்வளவு கலக்கத்தையும் உண்டாக்குகிறது. ஜவ்வு, அதாவது டிஸ்க், இரண்டு எலும்புக்கு நடுவிலிருந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வருகிற பொருள் இல்லை. மேலும் கீழும் எலும்போடு ஒட்டி வளர்ந்தது. காற்று குறைந்த சைக்கிள் டயர் தரையில் படுகிற இடத்தில் பிதுங்கும் அல்லவா, அப்படி அதன் விளிம்பு புடைத்திருப்பதைத்தான் ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று எழுதுகிறார்கள்.

வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. முப்பது வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் இந்தப் புடைப்பு இருந்தது. உங்கள் ஸ்கேனில் தெரிவது வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், நரைமுடி மாதிரி வெறும் வயது அடையாளமாகவும் இருக்கலாம். கால் வலியோ மரத்துப்போதலோ இல்லாத நிலையில், ஸ்கேனைப் பார்த்துப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில், டிஸ்க்கை அதிகம் நசுக்காமல் சுற்றியுள்ள தசைகளுக்கு வேலை கொடுக்கும் மூன்று பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றோடு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாய் மேல் ஒரு ஜமுக்காளம் போதும். மெத்தை மேல் செய்யாதீர்கள், உடம்பு அமுங்கிவிடும்.

முதலில் கேட்-கேமல். முட்டியும் உள்ளங்கையும் ஊன்றி நாலுகாலில் நில்லுங்கள். முதுகை மெல்ல மேலே வளையுங்கள், பிறகு மெல்லத் தாழ்த்துங்கள். 6 முதல் 8 முறை. இது கீலுக்கு எண்ணெய் விடுவது போலத்தான். கடைசி எல்லை வரை இழுக்க வேண்டாம்.

அடுத்து கர்ல்-அப். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டிக்கொள்ளுங்கள். இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் குழிவில் இரு உள்ளங்கைகளையும் கொடுங்கள். அந்தக் குழிவு மாறாமல், தலையையும் தோளையும் தரையைவிட்டு இரண்டு விரல்கடை மட்டும் தூக்கி 8 நொடி நிறுத்துங்கள். மோவாய் நெஞ்சில் இடித்தால் வேலையைக் கழுத்து பார்க்கிறது என்று அர்த்தம். மூச்சை அடக்காதீர்கள், வாய்விட்டு எண்ணினால் தானாகவே மூச்சு ஓடும்.

மூன்றாவது பக்கவாட்டுப் பிளாங்க். ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும். முழங்கை தலைப்பக்கம் தள்ளிப்போனால் தோள்பட்டை வலிக்கும். இரண்டு பக்கமும் செய்யுங்கள்.

நான்காவது பேர்ட் டாக். மறுபடி நாலுகால் நிலை. வலது கை முன்னால், இடது கால் பின்னால், பிறகு மாற்றி. பலரும் காலை இடுப்புக்கு மேலே தூக்கிவிடுகிறார்கள். அப்போது கீழ்முதுகு குழிந்து வலி அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். குதிகால் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க, இடுப்பின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சிந்தினால் இடுப்பு திரும்புகிறது. காலை நீட்டுவதற்குப் பதில் விரலைத் தரையில் தேய்த்தபடி பின்னால் தள்ளினால் போதும்.

கடைசியில் பிரிட்ஜ். மல்லாந்து, இரு முட்டியையும் மடக்கி, புட்டத் தசையை இறுக்கிக்கொண்டு இடுப்பைத் தூக்குங்கள். தொடையின் பின்பக்கம் நரம்பு இழுத்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது. புட்டத்தை நோக்கிக் கிட்டே கொண்டுவாருங்கள். முதுகு வலித்தால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள்.

எண்ணிக்கை இப்படி: கேட்-கேமல் தவிர ஒவ்வொன்றையும் 8 நொடி நிறுத்தி 6 முறை, அரை நிமிடம் ஓய்வு, 4 முறை, ஓய்வு, 2 முறை. முதல் வாரம் இதுவே அதிகமாகத் தெரிந்தால் 3, 2, 1 என்று ஆரம்பியுங்கள். பழகியபின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிறுத்தும் நேரம் 10 நொடியைத் தாண்ட வேண்டாம். ஒரே பிடியில் ஒரு நிமிடம் நின்று காட்டுவது சாதனைதான், ஆனால் களைத்த தசையோடு தப்பான நிலையில் நிற்கப் பழகுவதில் உங்களுக்கு லாபமில்லை.

செய்யும்போது வலி பத்துக்கு மூன்று, நான்கு வரை போகலாம். மறுநாள் காலை பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் பயிற்சியை விடாமல் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

மெஷினில் உட்காரும்போது இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். பெடலை எட்டிப் பிடித்து மிதிக்கும்படி வைக்காதீர்கள். ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் எழுந்து நின்று இரு கையையும் மேலே தூக்கி மூன்று மூச்சு. சூப்பர்வைசர் கோபித்துக்கொள்வதற்குள் முடிந்துவிடும்.

வயது 31, ஐ.டி. வேலை. யூடியூப் பார்த்துக் காலையில் எழுந்ததும் 30 சிட்-அப், பிறகு குனிந்து கால்விரல் தொடும் பயிற்சி செய்கிறேன். ஒரு மாதமாகிறது, வலி கூடத்தான் செய்கிறது.
– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர், சென்னை

உங்கள் தேர்வில் இரண்டு தவறு: பயிற்சி ஒன்று, நேரம் ஒன்று.

ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக எழுகிறோம். நீர் கோத்த டிஸ்க் குனியும்போது சாயங்காலத்தைவிட அதிக அழுத்தத்தை வாங்கும். காலையில் எழுந்தவுடன் குனியும் வேலைகளைத் தவிர்ப்பதால் மட்டுமே நாள்பட்ட வலி குறைவதை 1998-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த நேரத்தில் நடக்கலாம், காபி போடலாம், நின்றபடி பேப்பர் படிக்கலாம். ஷூ லேஸ் கட்டும்போதுகூடக் காலைத் திண்ணை மேலோ நாற்காலி மேலோ தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்-அப் ஒவ்வொன்றும் முதுகை வளைத்த நிலையில் டிஸ்க்கை அழுத்துகிறது. நல்ல முதுகுக்கு அது பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே குனிந்தால் வலிக்கிற, எட்டு மணி நேரம் வளைந்து உட்கார்ந்திருக்கிற முதுகுக்கு அதே திசையில் இன்னும் முப்பது முறை என்றால்? திருப்பூர் வாசகிக்குச் சொன்ன ஐந்தையும் சாயங்காலம் செய்யுங்கள். கால்விரல் தொடுவதற்குப் பதில் தொடையின் முன்பக்கத்தைத் தளர்த்துங்கள்: ஒரு முட்டியைத் தலையணை மேல் ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்து, புட்டத்தை இறுக்கியபடி உடம்பை ஒரு சாண் முன்னே நகர்த்தி 30 நொடி, பக்கத்துக்கு இரண்டு முறை. இடுப்பைக் குழியவிட்டால் நீட்சி தொடைக்குப் போகாமல் முதுகுக்குப் போகும்.

அலுவலக நாற்காலி பற்றியும் கேட்டிருந்தீர்கள். விலை உயர்ந்த நாற்காலியும் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வாங்கினால் அடிக்கடி நிரப்பப் போக வேண்டிவரும்.

வாக்கிங் போனால் போதாதா? எவ்வளவு தூரம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

வலி வந்து ஆறியவருக்கு, அது மறுபடி வராமலிருக்க நடையைப் போல மலிவான மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகக் குழு 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் 'தி லான்செட்' இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடை கூட்டியவர்களுக்கு வலி திரும்ப எடுத்துக்கொண்ட நடுவளவு காலம் 208 நாள். சும்மா இருந்தவர்களுக்கு 112 நாள். இலக்கு, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம்.

இப்போது வலி கூடாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் என்றால் எட்டில் தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கடைத்தெருவில் ஆடி அசைந்து நின்று நின்று போவது கணக்கில் வராது. அது வலியைக் கூட்டவும் செய்யும். கையை வீசி, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடக்க வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம்.

நடை மட்டும் போதுமா என்றால், உங்கள் வயதில் புட்டத்துக்கும் தொடைக்கும் வலு சேர்க்க வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதை 10 முறை, இரண்டு சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்பிலிருந்து இடது காலின் கெண்டைச்சதை வரை வலி மின்னலாக இறங்குகிறது. நான்கு மாதமாகிறது. உட்கார்ந்தால் அதிகம், நடந்தால் கொஞ்சம் தேவலை. என்ன பயிற்சி? – லாரி ஓட்டுநர், நாமக்கல்

பயிற்சிக்கு முன் மூன்று சோதனை. குதிகாலால் பத்து அடி நடக்க முடிகிறதா? முன்பாதத்தால் பத்து அடி நடக்க முடிகிறதா? நடக்கும்போது அந்தக் காலின் செருப்பு மட்டும் நழுவுகிறதா? வலு குறைந்திருந்தால் முதலில் எலும்பியல் அல்லது நரம்பியல் மருத்துவர். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தானாகப் போய்விடுவது, மலம் கட்டுக்குள் இல்லாமல் போவது, சைக்கிள் சீட் படுகிற இடம் முழுக்க மரத்துப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் நிரந்தர பாதிப்பாகிவிடும்.

அதெல்லாம் இல்லையென்றால் இதைச் செய்துபாருங்கள். உட்கார்ந்தால் கூடி, நடந்தால் குறைகிற வலி பெரும்பாலும் பின்னால் வளையும் திசைக்கு இணங்கும்.

குப்புறப் படுங்கள், கைகள் பக்கத்தில். மூன்று நிமிடம். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்கி மூன்று நிமிடம். பிறகு உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு தரையிலேயே தங்க, கையால் மட்டும் மேலுடம்பைத் தூக்கி இறக்குங்கள். 10 முறை. முதுகுத் தசை தளர்ந்து தொங்க வேண்டும். அதை இறுக்கித் தூக்கினால் பலன் பாதியாகும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. லோடு ஏற்றும் இடத்தில் படுக்க முடியாதென்றால் நின்றபடி இரு கையையும் இடுப்பின் பின்னால் வைத்துப் பத்து முறை பின்னால் சாயுங்கள்.

இதில் பார்க்க வேண்டியது வலியின் அளவை அல்ல, இடத்தை. கெண்டைச்சதையில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து புட்டத்துக்கு என்று மேலே ஏறினால் நல்ல அறிகுறி, முதுகில் வலி கொஞ்சம் கூடினாலும் சரி. மாறாக, பாதத்தை நோக்கிக் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். உங்களுக்கு இந்தத் திசை ஒத்துவரவில்லை. இந்த முறையை உருவாக்கிய நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சிக்கு இது தற்செயலாகக் கிடைத்தது. 1956-இல், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் ஒரு நோயாளி தவறுதலாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். சில நிமிடங்களில் கால் வலி போய்விட்டது.

வண்டியில் முதுகுக்குப் பின்னால், பெல்ட் கட்டும் உயரத்தில், சுருட்டிய துண்டு ஒன்று வையுங்கள். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள். இறங்கியவுடன் தார்ப்பாயை இழுக்காமல் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. ஐந்து நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனத்துப்போகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடும். குப்புறப் படுத்து எழும் பயிற்சி கொடுத்தார்கள், அதிகமாகிவிட்டது. – ஒரு வாசகி, மதுரை

மேலே ஓட்டுநருக்குச் சொன்னதற்கு நேர் எதிர் கதை இது. நரம்பு போகும் குழாய் வயதால் குறுகியிருக்கலாம். பின்னால் வளைந்தால் அந்தக் குழாய் இன்னும் குறுகும், முன்னால் குனிந்தால் விரியும். நின்றால் போதவில்லை, உட்கார வேண்டும் அல்லது எதையாவது பிடித்துக் குனிய வேண்டும் என்பது இதன் அடையாளம். சும்மா நின்றாலே கால் சரியாகிறதென்றால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் அதை மருத்துவரிடம் முதலில் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு மல்லாந்து படுத்து ஒவ்வொரு முட்டியாக நெஞ்சுக்கு இழுத்து 20 நொடி, ஐந்து முறை. வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் கைப்பிடியில் சாய்ந்தபடி 10 நிமிடம். நடையை ஒரே மூச்சில் நடக்காமல், கால் கனக்கத் தொடங்கும் முன்பே, அதாவது நான்காவது நிமிடத்தில், ஒரு நிமிடம் உட்கார்ந்து மீண்டும் நான்கு நிமிடம் என்று பிரியுங்கள். கனத்தபின் உட்காருவதைவிட முன்பே உட்காருவது மொத்த தூரத்தைக் கூட்டும்.

ஒரு எச்சரிக்கை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருந்தால் முன்னால் ஆழமாகக் குனிவது முதுகெலும்பை நொறுக்கக்கூடும். அப்படிப்பட்ட பெண்களில் குனியும் பயிற்சி செய்தவர்களுக்கு எலும்பு நசுங்கல் அதிகமானதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1984-இலேயே எழுதியது. அம்மாவின் உயரம் சமீபத்தில் குறைந்திருந்தால், அல்லது லேசாக விழுந்து எலும்பு முறிந்திருந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குப் பிறகே இவற்றைத் தொடங்குங்கள். உட்கார்ந்து கால்நீட்டிக் குனிவது அவருக்கு வேண்டவே வேண்டாம்.

சிலிண்டர், தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எல்லாம் நான்தான் தூக்க வேண்டும். 'குனியாதே' என்றால் வீடு எப்படி நடக்கும்? – இல்லத்தரசி, விருதுநகர்

நியாயம். குனியாமல் வாழ முடியாது, குனியக் கற்றுக்கொள்ளலாம். ஒட்டடைக் கம்பு ஒன்றை முதுகில் செங்குத்தாகப் பிடியுங்கள். பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும். முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னாலிருக்கும் சுவரைப் புட்டத்தால் தொடுவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளி முன்னே சாயுங்கள். மூன்று இடமும் கம்பைவிட்டு விலகாமல் சாய முடிந்தால் வளைவது இடுப்பு மூட்டு. வால் எலும்பு விலகினால் வளைவது முதுகு. சுவரிலிருந்து ஒரு பாத தூரத்தில் நின்று தினம் 10 முறை பழகுங்கள். இரண்டு வாரத்தில் கம்பு தேவைப்படாது.

பிறகு எடை. பையில் 2 கிலோ அரிசி, இதே முறையில் 8 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். தூக்கவே கூடாது என்று ஒதுங்கிய முதுகுதான் தூக்க நேர்கிற அன்றைக்குப் பிடித்துக்கொள்கிறது.

நிரப்பிய சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதைத் தூக்காமல் அடிவிளிம்பில் சாய்த்து உருட்டுங்கள். குடத்தை ஒரே இடுப்பில் வைத்தால் முதுகின் மறுபக்கத் தசைதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. இரண்டு சின்ன வாளியாக இரு கையில் பிரித்துக்கொள்ளுங்கள். எடையோடு திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை நகர்த்துங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்வது அந்த முறுக்கலில்தான்.

யோகா செய்யலாமா? – பலர்

செய்யலாம். புஜங்காசனம், சலபாசனம், சேதுபந்தாசனம் மூன்றும் நாம் மேலே சொன்ன பயிற்சிகளின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். குனிந்தால் வலிக்கிறவர்கள் பச்சிமோத்தாசனத்தையும் ஹலாசனத்தையும் விட்டுவிடுங்கள். பின்னால் வளைந்தால் வலிக்கிறவர்களும், ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் முன்னே நகர்ந்திருக்கிறது என்று எக்ஸ்-ரேயில் சொல்லப்பட்டவர்களும் புஜங்காசனத்தையும் சலபாசனத்தையும் தவிர்க்க வேண்டும். சூரிய நமஸ்காரத்தில் இரண்டு திசையும் வருவதால் வலி அடங்கிய பிறகே தொடங்குங்கள். தோப்புக்கரணம்? முதுகு நிமிர்ந்திருந்தால் பிரமாதமான தொடைப் பயிற்சி.

இடுப்பு பெல்ட், பலகைக் கட்டில், டிராக்‌ஷன்? – பலர்

நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட்டும், எடை கட்டி முதுகை இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பயிற்சித் திட்டத்தைப் பரிந்துரைக்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. வெறும் பலகை தேவையில்லை: ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. நடுவில் குழி விழுந்த இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் வெயிலில் போட்டு அடித்துச் சமன் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

வயது 26. ஒரு வருடமாக இடுப்பு வலி. பின்னிரவில் வலித்து விழிப்பு வருகிறது. காலையில் ஒரு மணி நேரம் விறைப்பு. ஆச்சரியம், ஜிம்முக்குப் போனால் சரியாகிவிடுகிறது, லீவு நாளில் படுத்திருந்தால் அதிகம். – ஒரு வாசகர், திருநெல்வேலி

ஜிம் சரியாக்குகிறதே என்று மேலும் ஒரு வருடம் ஓட்டிவிடாதீர்கள். இளம் வயதில் தொடங்கி, அரைமணிக்கு மேல் காலை விறைப்போடு, ஓய்வில் கூடி, அசைவில் குறைகிற வலி ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். மூட்டு அழற்சி நோய்களுக்கான மருத்துவரை, அதாவது ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள். ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 என்ற மரபணுச் சோதனையும், முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளின் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவைப்படலாம். இடையில் கண் சிவந்து வலித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், தொடர்பு உண்டு. பயிற்சி இதற்கும் மருந்தோடு சேர்ந்த பாதி சிகிச்சைதான்: நீச்சல், முதுகை நிமிர்த்தும் பயிற்சிகள், நெஞ்சு விரிய ஆழ்மூச்சு.

இந்த இடத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, எந்த நிலையில் படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதுகெலும்பில் காசநோய் நம் ஊரில் அபூர்வமில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் ஆகியோரும் மருத்துவரைப் பார்த்த பிறகே.

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன், வலி போய்விட்டது. நிறுத்தினேன். ஐந்தாவது மாதம் குனிந்து துணி எடுக்கும்போது பிடித்துக்கொண்டது. இனி ஆயுசுக்கும் செய்ய வேண்டுமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

தினமும் வேண்டாம். வாரம் இரண்டு, மூன்று நாள், 15 நிமிடம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரை ஒன்றில், பயிற்சியும் முதுகு பற்றிய விளக்கமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஓராண்டுக்குள் வலி வரும் ஆபத்து 45 சதவீதம் குறைவாக இருந்தது. நிறுத்தினால் அந்தப் பாதுகாப்பு நீடிப்பதில்லை. பயிற்சியைக் குக்கர் விசிலோடோ சாயங்கால சீரியலோடோ சேர்த்துவிட்டவர்கள் தொடர்கிறார்கள். 'நேரம் கிடைக்கும்போது' என்றவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்போது பிடித்திருப்பதற்கு: முதல் இரண்டு நாள் மல்லாந்து படுத்து, இரு கெண்டைக்காலையும் நாற்காலி மேல் வைத்து, பத்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. நடுவில் வீட்டுக்குள்ளேயே ஐந்து ஐந்து நிமிடம் நடங்கள். முழு நாளும் படுக்கையில் கிடக்க வேண்டாம். சுடுநீர்ப் பை இதமாக இருந்தால் வைக்கலாம். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். மூன்றாம் நாளிலிருந்து கேட்-கேமலும் பிரிட்ஜும் மட்டும், பழைய எண்ணிக்கையில் பாதி. ஒரு வாரம் கழித்து பேர்ட் டாக், பிறகு மற்றவை. துணியைக் கட்டிலின் மேல் வைத்து மடியுங்கள். வாளியை ஒரு முக்காலி மேல் வைத்துக்கொண்டால் காயப்போடும்போது ஒவ்வொரு துணிக்கும் குனிய வேண்டியிருக்காது.